ஓட்டைக் காலணாவுக்காக ஒரு வக்காலத்து

போன வைகாசியில் ஊரில் பழைய மாட்டுக் கொட்டகையைப் பிரித்தோம். புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி போகும் வழியில் உள்ளே தள்ளி இருக்கும் சின்னக் கிராமம் எங்களுடையது. கொட்டகையில் மாடு கட்டி இருபது வருஷம் ஆகிறது. தகரமெல்லாம் துருவேறி, எப்போது யார் தலையில் விழுமோ என்றுதான் நின்றுகொண்டிருந்தது. ஆசாரி மேலே ஏறி நட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். பாதி நட்டு அசையவே இல்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, தட்டி, திருகி ஒருவழியாகக் கழற்றிக்கொண்டிருந்தவர் திடீரென்று மேலிருந்தே கூப்பிட்டார்.

"தம்பி, இங்க வாங்க. வாசருக்குப் பதிலா காசு மாட்டியிருக்கு."

ஏணியில் ஏறிப் பார்த்தேன். போல்ட்டின் தலைக்கும் தகரத்துக்கும் நடுவில் கறுத்துப் போன ஒரு வளையம். பிடித்துத் திருப்பினால் கட்டைவிரலில் பச்சையும் துருவும் ஒட்டியது. ஓட்டைக் காலணா! சாயங்காலத்துக்குள் மொத்தம் பதினொன்று கிடைத்தன. அப்பாவிடம் காட்டியபோது அவர் கொஞ்சம்கூட ஆச்சரியப்படவில்லை. "யுத்தம் முடிஞ்ச சமயத்துல போட்ட கொட்டகை. அப்ப இரும்புச் சாமானுக்கு நாய் படாத பாடு. வாசர் கிடைக்காது, கிடைச்சாலும் காலணாவைவிட விலை ஜாஸ்தின்னு எங்கப்பா சொல்லுவாரு" என்றார்.

அப்பா சொன்னது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. இந்தக் காசு வாசராகப் போனதைப் பல ஊர்களிலும் சொல்வார்கள். ஆனால் கேள்விப்படுவது வேறு, எழுபத்தைந்து வருஷத்துக்கு மேல் மழையும் வெயிலும் தாங்கித் தகரத்தைப் பிடித்துக்கொண்டிருந்த காசைத் தன் கையாலேயே எடுத்துப் பார்ப்பது வேறு. எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பதினொரு காசையும் மேசையில் பரப்பி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எங்கள் அப்பத்தாவுக்கு யார்மேலாவது கோபம் வந்தால், "அவன் ஓட்டக் காலணாவுக்குப் பெறுவானா?" என்பாள். சின்ன வயதில் கேட்டுக் கேட்டு எனக்கும் அந்தச் சொல் வசவாகத்தான் மனசில் பதிந்திருந்தது. மதிப்பே இல்லாதது, ஓட்டை விழுந்தது, கழிக்கப்பட்டது. இந்தக் காசைக் கொஞ்ச காலம் படித்துப் பார்த்த பிறகு அந்த வசவு அநியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் கைகளில் புழங்கிய காசுகளிலேயே இவ்வளவு யோசித்துச் செய்த காசு குறைவு.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காக. ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஓர் அணாவுக்கு நாலு காலணா. காலணாவுக்கு மூன்று தம்பிடி. ஆக ஒரு ரூபாய் என்பது 64 காலணா, 192 தம்பிடி. காலணாவைத்தான் பைசா என்றும் சொன்னார்கள். காசின்மேல் ஆங்கிலத்தில் பைஸ் என்று இருக்கும். நூறாகப் பிரித்த பைசா பிறகு வந்தது, அது வேறு.

காலணா புதிய காசும் இல்லை. விக்டோரியா ராணி காலத்திலிருந்து பெரிய செம்புக் காலணா ஓடிக்கொண்டிருந்தது. 1879 ஜூலை 1 அன்று இந்தியாவில் தபால் கார்டு வந்தபோது அதன் விலை காலணா. 1922 வரை அதே விலை. நாற்பது வருஷத்துக்கு மேல் ஏழை எளியவர்களின் சேதியெல்லாம் காலணாவில் போயிற்று. ஆறாம் ஜார்ஜ் காலத்துப் பழைய காலணா குறுக்களவில் ஓர் அங்குலம், எடை ஐந்து கிராமுக்குக் கொஞ்சம் குறைவு, ஒரு பக்கம் ராஜா தலை. உள்ளங்கையில் வைத்தால் கனம் தெரியும். 1942 வரை அதைத்தான் அடித்தார்கள்.

அப்புறம் யுத்தம். இரண்டாம் உலகப் போர் வந்ததும் காசுகளின்மேல்தான் முதல் அடி விழுந்தது. மக்கள் வெள்ளியை வீட்டுக்குள் பதுக்கினார்கள். நாளைக்கு இந்தக் காகிதம் செல்லுமோ செல்லாதோ என்று பயந்தவர்கள் நோட்டைக் கொடுத்து வெள்ளி ரூபாய் வாங்கிப் பானைக்குள் போட்டார்கள். தேவைக்கு அதிகமாக நாணயம் வாங்கிச் சேர்ப்பதை 1940 ஜூனில் இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் குற்றமாக்கினார்கள். அதே வருஷம் ஒரு ரூபாய் நோட்டு வெளிவந்தது. ரூபாய்க் காசில் பன்னிரண்டில் பதினொரு பங்காக இருந்த வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். 1942இல் ஓரணா, இரண்டணாக் காசுகளிலிருந்த செம்பு-நிக்கல் கலவையை எடுத்துவிட்டு மஞ்சள் நிறத்தில் பித்தளைக் கலவை போட்டார்கள்.

சில்லறைத் தட்டுப்பாடு நாடு முழுக்க இருந்தது. மேற்கே பிக்கானீர், பூந்தி, ஜுனாகத், நவாநகர், மோர்வி போன்ற சமஸ்தானங்கள் அட்டையை வெட்டி ராஜா படம் அச்சடித்துக் காசாக ஓட்டின. அட்டைத் துண்டைக் கொடுத்து உப்பும் மிளகாயும் வாங்கிய காலம்! சேகரிப்பாளர் ஒருவர் வீட்டில் அப்படிப்பட்ட ஓர் அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். பஸ் டிக்கெட் போலத்தான் இருந்தது.

செம்புக்கும் கிராக்கி. துப்பாக்கித் தோட்டாவின் உறை பித்தளை. பித்தளைக்குச் செம்பு வேண்டும். அதே நேரத்தில் கடைத்தெருவுக்கு முன்னைவிடப் பல மடங்கு சில்லறையும் வேண்டும். குறைந்த செம்பில் அதிகக் காசு எப்படி அடிப்பது? அதற்குக் கண்ட வழிதான் 1943இல் வந்த ஓட்டைக் காலணா. எடை இரண்டு கிராம். பழைய காலணா ஒன்றின் செம்பில் இதில் இரண்டு காசு அடித்து மிச்சமும் இருக்கும். அந்த மிச்சம் பல கோடிக் காசுகளுக்குச் சேர்ந்தால் எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பலரும் "செம்பை மிச்சம் பிடிக்க ஓட்டை போட்டார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். நானும் வெகுகாலம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் பழைய காசையும் புதிய காசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மிச்சம் ஓட்டையால் மட்டும் வரவில்லை என்று தெரியும். காசே சுருங்கிவிட்டது. 25 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தது 21 மில்லிமீட்டர் ஆகிவிட்டது. கனமும் குறைந்துவிட்டது. சரி, அப்படிச் சின்னதாகவே அடித்துவிட்டுப் போகலாமே, எதற்கு நடுவில் ஓட்டை?

பதில் அரைப் பைசாவில் இருக்கிறது. காலணாவில் பாதி மதிப்புள்ள ஒரு செம்புக் காசு அப்போது புழக்கத்தில் இருந்தது. அதன் குறுக்களவும் ஏறக்குறைய 21 மில்லிமீட்டர்! அதே செம்பு நிறம், அதே வட்டம், அதே அளவு. ஓட்டை இல்லாமல் புதிய காலணாவை அடித்திருந்தால் எது காலணா, எது அரைப் பைசா என்று சந்தைக்கு வரும் கிழவி எப்படிக் கண்டுபிடிப்பாள்? எழுத்துத் தெரியாதவர்கள் பெருவாரியாக இருந்த நாடு. மண்ணெண்ணெய் விளக்கில் வியாபாரம் நடந்த கடைகள். நடுவில் ஒரு துவாரம் போட்டதும் குழப்பம் தீர்ந்தது. இருட்டில் மடியைத் துழாவினாலும் விரல் நுனிக்கு அது காலணா என்று தெரிந்துவிடும். இதனால்தான் இதை யோசித்துச் செய்த காசு என்கிறேன். ஓட்டை செம்பையும் மிச்சம் பிடித்தது, காசுக்கு அடையாளமாகவும் ஆயிற்று.

துவாரம் போட்ட காசு நம் மண்ணுக்குப் புதிதுமில்லை. பட்டுக்கோட்டை, மன்னார்குடிப் பக்கங்களில் சீனக் காசுகள் நூற்றுக்கணக்கில் புதையலாகக் கிடைத்திருக்கின்றன. சோழர் காலத்துக் கடல் வாணிபத்தில் வந்தவை அவை. அவற்றின் நடுவில் சதுர ஓட்டை இருக்கும், கயிற்றில் கோத்துச் சரம் சரமாக எண்ணுவதற்காக. வெள்ளைக்காரனும் தன் கிழக்கு ஆப்பிரிக்கக் காலனிகளில் இந்தக் காசுக்கு முன்பே ஓட்டைக் காசு ஓட்டியிருந்தான்.

இனி காசின் முகத்துக்கு வருகிறேன். உண்மையில் அதற்கு முகமே இல்லை. அதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது.

லென்ஸ் வைத்து ஒன்றைப் பார்த்தேன். பதினொன்றில் கொஞ்சம் தெளிவாக இருந்தது, 1944 காசு. ராஜா தலை வரவேண்டிய இடத்தில்தான் ஓட்டை. அதனால் ராஜா போய்விட்டார், கிரீடம் மட்டும் தங்கிவிட்டது. ஓட்டைக்கு மேல் சின்னதாக, உச்சியில் சிலுவையோடு அந்தக் கிரீடம். ராஜாவின் பெயரும் இல்லை, பட்டமும் இல்லை. ஓட்டையைச் சுற்றி மிஞ்சுகிற ஒல்லியான வளையத்துக்குள் எவ்வளவு விஷயத்தை அடக்கியிருக்கிறார்கள் என்று பார்க்கும்போது அச்சு வெட்டியவனுக்குக் கும்பிடு போடத் தோன்றுகிறது. நாட்டின் பெயர், ஆண்டு, மதிப்பு ஆங்கிலத்தில், உருதுவில், தேவநாகரியில், அப்புறம் இலைகள் கோத்த ஒரு மாலை. எதுவும் எதையும் இடிக்கவில்லை. மாலை ஓட்டையைச் சுற்றிப் போகிற விதத்தில், ஓட்டையும் சித்திரத்தின் ஒரு பகுதிதான் என்று தெரிகிறது.

பிரிட்டிஷ் இந்தியாவின் கடைசிக் காலத்தில், நாட்டிலேயே அதிகம் கைமாறிய காசுகளில் ஒன்றில், சக்கரவர்த்தியின் தலை இருக்க வேண்டிய இடம் வெறும் காற்றாக இருந்தது. அது வேண்டுமென்று செய்ததில்லை, தெரியும். ஆனாலும் அந்தத் துவாரத்தின் வழியாக வானத்தைப் பார்க்கும்போது எனக்குள் ஏதோ செய்கிறது.

தமிழ் எங்கே என்று கேட்பீர்கள். இல்லை. 1800களின் தொடக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் அடித்த 'பணம்' என்ற காசுகளில் தமிழும் தெலுங்கும் இருந்தன. கல்கத்தாவும் பம்பாயும் நாடு முழுமைக்கும் ஒரே காசு அடிக்கத் தொடங்கிய பிறகு அது போய்விட்டது. ஓரணாக் காசில் தெலுங்குக்காவது இடம் கிடைத்தது. இதில் அதுவும் இல்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனால் எழுதாத தமிழ்ப் பெயரைச் சனங்கள் தாங்களே வைத்துவிட்டார்கள். காசில் எங்கே பார்த்தாலும் பைசா, பைஸ். நம் வாயில் மட்டும் ஓட்டைக் காலணா.

இந்தக் காசை அடித்த நாணயச் சாலைகள் நாலு: கல்கத்தா, பம்பாய், லாகூர், பிரிட்டோரியா. லாகூர் சாலை யுத்தத் தேவைக்காகவே 1943இல் தொடங்கியது. அங்கே அடித்ததற்கு 'எல்' என்ற ஆங்கில எழுத்து அடையாளம். பிரிட்டோரியா தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. இங்கிருந்த சாலைகளால் மட்டும் முடியாமல், கடல் தாண்டிய இடத்தில் அடித்துக் கப்பலில் கொண்டுவந்து நம் சந்தைகளில் இறக்கினார்கள். எங்கள் கொட்டகைத் தகரத்தை இறுக்கிப் பிடித்திருந்த காசுகளில் ஒன்றாவது இந்து சமுத்திரத்தைக் கடந்து வந்ததாக இருக்கலாம் என்று நினைக்கவே சந்தோஷமாக இருக்கிறது. சேகரிப்பவர்கள் கிரீடத்தை வைத்தும் வகை பிரிப்பார்கள், உயர்ந்த கிரீடம், தட்டைக் கிரீடம் என்று. என்னிடம் இருப்பவற்றில் பாதி தேய்ந்துபோய் கிரீடம் இருந்த இடம் வெறும் மேடாகத்தான் தெரிகிறது.

எங்கள் ஊர்க் கதையைச் சொல்லாமல் விடமுடியாது. புதுக்கோட்டை அப்போது தொண்டைமான் சமஸ்தானம். எங்களுக்கென்று சொந்தக் காசு இருந்தது, அம்மன் காசு. திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள் ஒரு பக்கம் உட்கார்ந்திருப்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய' என்று இருக்கும். நவராத்திரியில் அரண்மனையில் அரிசியோடு இந்தக் காசையும் தானமாகக் கொடுப்பது வழக்கம். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. 20 அம்மன் காசு ஓர் அணா. ஆக காலணாவுக்கு ஐந்து. சமஸ்தானத்தில் பிரிட்டிஷ் இந்தியக் காசும் சேர்ந்தே புழங்கியதால், எங்கள் அப்பத்தா காலத்துச் சந்தையில் ஓட்டைக் காலணாவை நீட்டினால் மீதிக்கு அம்மன் கையில் வருவாள். "காலணாவ நீட்டுனா மடி நெறைய பொரி, மிச்சத்துக்கு ரெண்டு அம்மங்காசு" என்று அவள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து திருச்சி மாவட்டத்தில் சேர்ந்தபோது அம்மன் காசின் கதை முடிந்தது. பிரகதாம்பாளைக் காசில் பார்த்துப் பழகியதால்தான் அப்பத்தாவுக்கு ஓட்டைக் காசுமேல் அவ்வளவு இளக்காரமோ என்று இப்போது நினைக்கிறேன். சாமி இருந்த காசு எங்கே, ஓட்டை இருந்த காசு எங்கே!

அந்த அப்பத்தாவின் சுருக்குப் பையிலிருந்துதான் என் முதல் ஓட்டைக் காலணா வந்தது. எனக்கு ஒன்பது வயதிருக்கும். வெற்றிலை, களிப்பாக்கு, ஒரு மடித்த பத்து ரூபாய், அதற்கடியில் இது. இரும்புப் பெட்டியின் சாவியை அதில்தான் கோத்து வைத்திருந்தாள். சாவி தொலையக் கூடாது என்பதற்காக ஒரு வளையம், அவ்வளவுதான் அவளுக்கு. நான் கெஞ்சிக் கேட்டதும் சாவிக்கு வேறு கயிறு கட்டிவிட்டு எனக்குக் கொடுத்துவிட்டாள். பழுப்பும் கறுப்புமாக, தொட்டால் வழவழவென்று இருந்தது.

நான் செய்த காரியம் இன்றும் உறுத்துகிறது. குத்துவிளக்குத் தேய்ப்பது போலப் புளியும் சாம்பலும் போட்டு அரை மணி நேரம் தேய்த்தேன். பளபளவென்று இளஞ்சிவப்பாக வந்தது, புதுச் செம்புக் குடம் மாதிரி. வீடு முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தேன். பத்து நாளில் திட்டுத் திட்டாகக் கறுத்தது. பழைய நிறம் திரும்ப வரவே இல்லை. செம்புக் காசின் மேல் ஏறும் அந்தப் பழுப்பு அழுக்கில்லை, பல வருஷமாகக் காற்றும் கையும் சேர்ந்து போர்த்திய தோல் என்று அப்போது சொல்ல ஆளில்லை. புளியிலிருக்கும் அமிலம் அந்தத் தோலை உரித்துவிட்டது. கூடவே கிரீடத்தின் நுணுக்கமும் போயிற்று. அப்பத்தாவின் விரல்கள் எத்தனையோ வருஷம் தடவித் தடவி ஏற்றிய மெருகு அது. உங்கள் வீட்டில் பழைய செம்புக் காசு இருந்தால் தயவுசெய்து தேய்க்காதீர்கள். மண் இருந்தால் தண்ணீரில் அலசி ஒற்றி எடுங்கள், போதும்.

1947 ஆண்டு போட்ட ஓட்டைக் காலணாவும் உண்டு. நாடு இரண்டாகப் பிரிந்தது. லாகூர் சாலை பாகிஸ்தானுக்குப் போயிற்று. அங்கே 1948இல் அடித்த முதல் பைசாவிலும் நடுவில் ஓட்டை! கிரீடம் போய்ப் பிறையும் நட்சத்திரமும் வந்தன, ஓட்டை அப்படியே தங்கிவிட்டது, 1952 வரை. நம் பக்கத்தில் 1950 ஆகஸ்ட் 15 அன்று குடியரசின் புதுக் காசுகள் வந்தபோது ஓட்டையை மூடிவிட்டார்கள். ஒரு பக்கம் அசோகரின் சிங்கம், காலணாவில் ஓடும் குதிரை, அணாக் காசுகளில் காளை. சாரநாத் தூணின் பீடத்தில் இருக்கும் குதிரையும் காளையும்தான் அவை. குதிரைக் காலணா அழகான காசு, மறுக்கவில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுச் சொல்ல முடியாது.

1957 ஏப்ரல் 1 அன்று தசமக் கணக்கு வந்ததும் காலணாவின் ஆயுசு முடிந்துபோனது. ரூபாய்க்கு 64 என்று இருந்தது 100 ஆகிவிட்டது. சரியாக வகுத்தால் ஒரு காலணா 1.5625 நயா பைசா, அதாவது புதுப் பைசா. அதை யார் எண்ணிக் கொடுப்பது? மாற்று அட்டவணையில் ஓரணாவுக்கு 6, காலணாவுக்கு 2 என்று முழு எண்ணாக்கினார்கள். இதில் அடிபட்டது யார் என்று பாருங்கள். மொத்தமாக ஓரணாவுக்குச் சாமான் வாங்குகிறவன் 6 கொடுத்தால் போதும். காலையில் காலணாவுக்கு எண்ணெய், மத்தியானம் காலணாவுக்குப் புளி என்று நாலு தடவை வாங்குகிறவள் 8 கொடுக்க வேண்டும். கையில் அன்றாடம் கிடைப்பதை வைத்து அன்றாடம் வாங்குகிறவளுக்கு அந்த இரண்டு பைசா சின்ன விஷயமில்லை. கடைகளில் தினமும் சண்டை நடந்தது என்று அப்பா சொல்வார்.

செல்லாது என்றான பிறகும் இந்தக் காசு வீடுகளைவிட்டுப் போகாததற்கு அந்த ஓட்டைதான் காரணம் என்பேன். முழுக் காசு செல்லாமல் போனால் அதை வைத்து என்ன செய்வது? இதைக் கோக்கலாம், கட்டலாம், மாட்டலாம். எங்கள் பக்கம் குழந்தைகளின் அரைஞாண் கயிற்றில் கோத்திருக்கிறார்கள். கன்றுக்குட்டியின் கழுத்துக் கயிற்றில், சாவிக் கொத்தில், எங்கள் தாத்தாவைப் போல் தகரத்தில். அதனால்தான் இன்றும் எங்கேயும் கிடைக்கிறது, மலிவாகவும் கிடைக்கிறது. இணையத்தில் யாராவது இந்தக் காசுக்கு லட்சம் தருகிறேன், முதலில் கட்டணம் அனுப்புங்கள் என்றால் நம்பாதீர்கள். ரிசர்வ் வங்கியே தன் பெயரைச் சொல்லி நடக்கும் இந்தப் பழைய காசு மோசடிகளைப் பற்றி 2021இல் எச்சரித்திருக்கிறது.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது நீல நிறத் தகரம் போட்டாகிவிட்டது. ரப்பர் வாசரோடு வரும் திருகாணிகள், மெஷினில் ஒரு நொடியில் இறங்கிவிடுகின்றன. பதினொரு காசில் ஒன்றை ஆசாரிக்குக் கொடுத்தேன். "இதுக்கு என்ன தம்பி கிடைக்கும்?" என்று கேட்டார். "பெருசா ஒண்ணும் கிடைக்காதுண்ணே" என்றேன். சரி என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மறுவாரம் பாக்கிப் பணம் வாங்க வந்தபோது பார்த்தேன், வண்டிச் சாவியில் கோத்திருந்தார். தேய்க்கவில்லை; துருவும் பச்சையும் அப்படியே இருந்தன.